பொங்கல் கிழங்கு மிஞ்சினால்: சுக்கும் ஏலக்காயும் சேர்த்து வீட்டிலேயே ஒரு கிழங்கு ரொட்டி

மார்கழி பாதியிலேயே விழுப்புரம், திண்டிவனம் கடைத்தெருக்களுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வரத் தொடங்கிவிடும். கரும்பு, மஞ்சள் கொத்து, மொச்சையோடு கிழங்கையும் வாங்கினால்தான் பொங்கல் படையல் நிறையும். படையலுக்கு அவித்தது போக மூன்று நான்கு கிழங்கு கூடையில் கிடக்கும். மறுநாளும் அதையே அவித்து வைத்தால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அந்தக் கிழங்கில் வீட்டிலேயே ஒரு மசாலா ரொட்டி சுடலாம். இதுவரை கேக்கோ ரொட்டியோ சுட்டுப் பார்க்காதவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில், இது எந்த ரொட்டி? பேக்கரியில் வாங்கும் பால் ரொட்டிக்கு ஈஸ்ட் (மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்) வேண்டும். பிசைய வேண்டும், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாம் சுடப்போவது அது இல்லை. இதில் மாவை உப்ப வைப்பது ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும்தான். கரைத்த மாவை டின்னில் ஊற்றி உடனே அடுப்பில் வைத்துவிடலாம். பதத்தில் கேக்குக்குப் பக்கம், இனிப்பில் கேக்கைவிடக் குறைவு. கிழங்கு மசித்த பிறகு மாவு கலக்கப் பத்து நிமிடம், வேக ஒரு மணி நேரம்.

‘இதெல்லாம் நம் ஊர்ப் பண்டமா?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். புதுச்சேரி விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சுமார் 40 கி.மீ. தொலைவுதான். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ரொட்டிப் பழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. 1968இல் தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. அங்கும் பேக்கரி உண்டு. சர்க்கரைவள்ளியே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்த கிழங்குதான். இன்று அது இல்லாமல் நமக்குப் பொங்கல் இல்லை. ரொட்டிக்கு வேண்டிய மற்ற பொருள்களும், அதாவது கடலை எண்ணெய், வெல்லம், சுக்கு, ஏலக்காய், தயிர் எல்லாம், உங்கள் அடுக்களையில் ஏற்கெனவே இருக்கின்றன.

வெளிநாட்டுச் செய்முறை ஒன்றைப் பார்த்து அப்படியே சுட்டால் என்ன? சுடலாம், ஆனால் பெரும்பாலும் ரொட்டி வறண்டு, தொண்டையை அடைக்கும். சமைப்பவர் கை இதற்குக் காரணமில்லை, கிழங்குதான் வேறு. அமெரிக்கச் செய்முறைகள் ஆரஞ்சு நிறச் சதையுள்ள கிழங்கை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அது வெந்தால் களிபோல் குழைந்து, ஈரம் சொட்டும். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சிவப்புத் தோலும் வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் சதையும் கொண்ட கிழங்கு. அது மாவுச்சத்து மிகுந்தது, வெந்தால் மாவாக உதிரும். ஈரத்தை அது கொடுப்பதைவிட இழுத்துக்கொள்வதே அதிகம். ஆகவே நம் கிழங்குக்குத் தயிரும் பாலும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கிழங்கின் ஈரத்தைப் பார்த்து மாவின் பதத்தை மாற்ற வேண்டும், செய்முறையின் அளவைப் பார்த்து இல்லை.

எந்தக் கிழங்கை வாங்குவது? கையில் எடுத்தால் கல்போல் கனமாக, தோல் சுருங்காமல் இருக்க வேண்டும். மிகப் பருத்ததை விடுங்கள், நடுவில் நார் ஓடியிருக்கும். ஒரு சாண் நீளமும் நடுத்தரப் பருமனும் போதும். தோலில் சிறு சிறு துளைகள் இருந்தால் தொடவே வேண்டாம். அது கூன்வண்டு (கிழங்கைத் துளைத்து உள்ளே முட்டையிடும் சிறு வண்டு) குடைந்த கிழங்கு. வண்டு குடைந்ததும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளக் கசப்பான பொருள்களைச் சுரக்கும். அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது, வெல்லம் போட்டாலும் மறையாது. துளை இருக்கும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். கசப்பு சுற்றிலும் பரவியிருக்கும். பூஞ்சை பிடித்ததும், கறுத்துப்போனதும் அப்படியே, முழுவதையும் எறிந்துவிடுங்கள். முளை விட்டிருந்தால்? உருளைக்கிழங்குபோல் பயப்பட வேண்டாம். முளையைக் கிள்ளிவிட்டுச் சமைக்கலாம், கிழங்கு சுருங்காமல் இருந்தால் போதும்.

வாங்கிய கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா? கூடாது. சர்க்கரைவள்ளி வெப்பநாட்டுப் பயிர். குளிரில் சில நாள் இருந்தாலே நடுவில் ஒரு கெட்டிப் பகுதி உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது மசியாது, ரொட்டியில் கல்கல்லாகப் பல்லில் படும். காற்றோட்டமான மூலையில் ஒரு கூடையில் போட்டு வையுங்கள். கழுவி வைக்க வேண்டாம், சமைக்கும்போது கழுவினால் போதும்.

இனி வேகவைக்கும் விஷயம். இதில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ரொட்டியின் பாதி ருசி இங்கேதான் முடிவாகிறது.

கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டு, தண்ணீரில் கொதிக்க விடுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. ரொட்டிக்கு அது சரிப்படாது. துண்டுகள் தண்ணீரைக் குடிக்கும், இனிப்பும் தண்ணீரோடு போய்விடும். எவ்வளவு ஈரம் ஏறியது என்று உங்களுக்குத் தெரியாமல் மாவு கலப்பீர்கள், ரொட்டி நடுவில் அமுங்கும். அதனால் தோலோடு முழுசாக ஆவியில் அவியுங்கள். இட்லிப் பானை இதற்கு மிகப் பொருத்தம். தட்டில் குழிகள் மேல் கிழங்குகளை அடுக்கி, மிதமான தீயில் 35 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது.

குக்கரில் இரண்டு விசில் விட்டால் சீக்கிரம் முடியுமே என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் இனிப்பு குறையும். கிழங்குக்குள் ஒரு நொதி (மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் இயற்கைப் பொருள்) இருக்கிறது. கிழங்கின் உட்புறம் சுமார் 60 டிகிரி செல்சியஸிலிருந்து 75 டிகிரி வரை இருக்கும் நேரத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். சூடு அதற்கு மேல் போனால் அது செத்துவிடும். குக்கரில் சூடு சரேலென்று ஏறுவதால் நொதிக்கு நேரமே கிடைப்பதில்லை. மெல்ல ஏறும் சூட்டில் அதே கிழங்கு கண்கூடாக இனிக்கும். தணலில் சுட்ட கிழங்கு அவித்ததைவிட இனிப்பாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். ஆகவே இட்லிப் பானையில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே கிழங்கை வைத்து, சிறு தீயில் தொடங்குங்கள். வெல்லத்தில் ஒரு கைப்பிடி மிச்சமாகும்.

வெந்ததும் சூட்டோடு தோலை உரித்து, நார் இருந்தால் எடுத்துவிட்டு, மத்தாலோ கரண்டியின் பின்புறத்தாலோ மசியுங்கள். மிக்சியில் போட வேண்டாம், மாவுச்சத்து இழுபட்டுப் பசையாகிவிடும். மசித்ததைத் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஆரஞ்சு நிறக் கிழங்கு கிடைத்திருந்தால், மசித்த பிறகு வாணலியில் எண்ணெய் இல்லாமல் ஐந்து நிமிடம் கிளறி ஈரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அளவுகள். தேக்கரண்டி என்றால் 5 மி.லி., மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி. மசித்த கிழங்கு 250 கிராம் வேண்டும். அதற்குத் தோலோடு 350 கிராம் கிழங்கு எடுத்தால் சரியாக இருக்கும். கோதுமை மாவு 100 கிராம், மைதா 100 கிராம். தராசு இல்லையென்றால், 200 மி.லி. டம்ளரில் மாவைத் தட்டி அமுக்காமல் அளந்தால் இரண்டு டம்ளருக்குச் சற்றே குறைவாக வரும். நாட்டுச் சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம் 150 கிராம், கடலை எண்ணெய் 100 மி.லி., முட்டை 2, கெட்டித் தயிர் 100 மி.லி., பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, ஆப்ப சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. பதம் பார்த்துச் சேர்க்க ஒரு சிறு கிண்ணத்தில் பாலும் பக்கத்தில் இருக்கட்டும்.

மசாலா என்றதும் கரம் மசாலாவை எடுத்துவிடாதீர்கள். சோம்பும் மல்லியும் இந்த ரொட்டியில் குருமா வாசனையைக் கொண்டுவந்துவிடும். சுக்குக் காபிக்குப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சுக்குப் பொடி ஒரு தேக்கரண்டி, பட்டைப் பொடி முக்கால் தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி, மிளகுப் பொடி கால் தேக்கரண்டி, இரண்டு கிராம்பு பொடித்தது, ஜாதிக்காய் துருவியது ஒரு சிட்டிகை. ஜாதிக்காயையும் கிராம்பையும் இதற்கு மேல் கூட்ட வேண்டாம், இரண்டும் மற்ற வாசனைகளை விழுங்கிவிடும். சுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. கிழங்கின் மந்தமான இனிப்பை எழுப்பிவிடுவது அதன் காரம்தான். வெனிலா எசன்ஸ் தேவையே இல்லை.

கடலை எண்ணெய் வாசனை அடிக்காதா? செக்கெண்ணெய் என்றால் லேசாக அடிக்கும். கிழங்கோடும் வேர்க்கடலையோடும் அது பொருந்திப்போகும். இது கடலை விளையும் மண் வேறு. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலக்கடலையில் ‘டி.எம்.வி.’ என்று தொடங்கும் ரகங்களெல்லாம் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கியவை, அவற்றில் டி.எம்.வி. 2 வெளியானது 1940இல். வாசனையே ஆகாது என்பவர்கள் சூரியகாந்தி எண்ணெயோ உருக்கிய வெண்ணெயோ சேர்க்கலாம். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம், இனிப்பு ரொட்டியில் அது தனித்துத் தெரியும்.

மைதாவே இல்லாமல் முழுக்கக் கோதுமை மாவில் செய்யலாமா? தாராளமாக. மாவு மில்லில் அரைத்த கோதுமை மாவு மைதாவைவிட அதிக ஈரம் குடிக்கும் என்பதால் தயிரோ பாலோ 2 மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். ரொட்டி கொஞ்சம் கனமாக, நிறம் அழுத்தமாக வரும். விழுப்புரம் மாவட்டத்தில் கம்பு நிறைய விளைகிறது. 200 கிராம் மாவில் 50 கிராம்வரை கம்பு மாவு சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் ரொட்டி நிற்காமல் உதிரும். கோதுமையில் இருக்கும் பசைப்புரதம் (மாவை இழுத்துப் பிடிக்கும் சத்து) கம்பில் கிடையாது.

வெல்லத்தை அப்படியே போடலாமா? நாட்டுச் சர்க்கரை என்றால் போடலாம். உருண்டை வெல்லத்தில் மண் இருக்கும். 3 மேசைக்கரண்டி தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து வடிகட்டுங்கள். பாகு காய்ச்ச வேண்டாம், கரைந்தால் போதும். நன்றாக ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். சூடாக ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். கரைத்த வெல்லத்தில் தண்ணீர் இருப்பதால் அன்றைக்குப் பால் தேவைப்படாது.

சோடா, பேக்கிங் பவுடர் இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா? ஆப்ப சோடா தனியாக நன்றாக வேலை செய்யாது, அதற்குப் புளிப்பு வேண்டும். தயிரின் புளிப்போடு சேரும்போது அது கரியமில வாயுவை விடும், அந்தக் குமிழிகளால் மாவு உப்பும். 100 மி.லி. தயிரில் உள்ள புளிப்பு ஏறக்குறைய கால் தேக்கரண்டி சோடாவுக்குத்தான் காணும். அது மட்டும் இவ்வளவு கனமான மாவைத் தூக்காது. அதனால் மீதி வேலைக்குப் பேக்கிங் பவுடர் (சோடாவோடு உலர்ந்த புளிப்புப் பொடியும் சோளமாவும் சேர்ந்த கலவை). ஈரம் பட்டதும் கொஞ்சம், சூட்டில் மீதி என்று அது இரண்டு தவணையில் உப்ப வைக்கும். 1843இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக இத்தகைய பொடியை உருவாக்கினார். இன்று ஈஸ்ட் இல்லாமல் இந்த வகை ரொட்டி சுடுகிறோம் என்றால் அது போன்ற பொடிகளால்தான்.

சோடா கொஞ்சம் கூடினால் இன்னும் உப்புமே என்று கை தாராளம் காட்டாதீர்கள். புளிப்பு கிடைக்காத சோடா ரொட்டியிலேயே தங்கி, சோப்புச் சுவை கொடுக்கும். சர்க்கரைவள்ளியில் இன்னொரு தொல்லையும் உண்டு. கிழங்கில் இயல்பாகவே இருக்கும் ஒரு பொருள் சோடா மிகுந்த மாவில் பச்சை நிறமாக மாறும். ரொட்டியை வெட்டினால் உள்ளே பச்சைத் திட்டுகள் தெரிந்து, பூஞ்சையோ என்று பயந்துவிடுவீர்கள். அது கெடுதல் இல்லை. அடுத்தமுறை சோடாவைத் தலைதட்டி அளங்கள், மாவோடு சேர்த்துச் சலியுங்கள், சரியாகிவிடும்.

பழைய பொடி வேலை செய்யுமா என்று எப்படிப் பார்ப்பது? அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரில் சூடான தண்ணீர் ஊற்றுங்கள். சோடாவென்றால் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். உடனே பொங்கி நுரைத்தால் நல்லது. மந்தமாக இரண்டு குமிழி வந்தால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

கலக்கும் முறை மிக எளிது. மாவு, சோடா, பேக்கிங் பவுடர், உப்பு, மசாலாப் பொடிகளை இரண்டுமுறை சலித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு பாத்திரத்தில் முட்டை, வெல்லம், எண்ணெய், தயிர் ஆகியவற்றை நன்றாக அடித்து, மசித்த கிழங்கைச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். இதுவரை எவ்வளவு அடித்தாலும் பாதகமில்லை. சலித்த மாவைக் கொட்டிய பிறகுதான் கையை அடக்க வேண்டும். கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துக் கலந்து, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் கலக்கினால் கோதுமையின் பசைப்புரதம் இறுகி, ரொட்டி ரப்பராகும். கடைசியில் வேர்க்கடலையைத் தூவி ஒருமுறை புரட்டுங்கள்.

பதம் சரியா என்று எப்படித் தெரியும்? இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் பொத்தென்று விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். ஒரு மேசைக்கரண்டி மாவு தூவுங்கள். கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டு விழ மறுத்தால் ஒரு மேசைக்கரண்டி பால் ஊற்றுங்கள். நம் வெள்ளைக் கிழங்குக்கு இரண்டு மூன்று கரண்டி பால் தேவைப்படுவது சகஜம்.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு? இரண்டு முட்டைக்குப் பதில் 60 மி.லி. தயிரும் 40 மி.லி. பாலும் கூடுதலாகச் சேருங்கள். கிழங்கே மாவைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், மற்ற கேக்குகளைவிட இதில் முட்டை இல்லாத குறை குறைவாகத் தெரியும். உயரம் சற்றுக் குறையும், சூட்டோடு வெட்டினால் உதிரும். முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள்.

எதில் சுடுவது? 9 அங்குல நீளம், 5 அங்குல அகலமுள்ள ரொட்டி டின் அல்லது 7 அங்குல வட்ட டின். உள்ளே எண்ணெய் தடவி, அடியில் எண்ணெய்த் தாள் போட்டு, மாவை ஊற்றுங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. ஊற்றியதும் தாமதிக்காமல் அடுப்புக்குப் போக வேண்டும். சோடா ஈரம் பட்ட கணமே வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே அடுப்பை முன்பே சூடாக்கி வைத்திருங்கள்.

மின் அடுப்பு (ஓ.டி.ஜி.) இருந்தால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 170 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி, டின்னை நடுத்தட்டில் வையுங்கள். நீள டின்னுக்கு 55 முதல் 65 நிமிடம், வட்ட டின்னுக்கு 50 நிமிடம் அளவில் ஆகும். முதல் 35 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். மேல்புறம் சீக்கிரம் கறுத்தால் கடைசியில் ஒரு அலுமினியத் தாளை மேலே போர்த்துங்கள். ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்துப் பாருங்கள். ஈர மாவு ஒட்டாமல், ஓரிரு துணுக்கு மட்டும் ஒட்டினால் வெந்துவிட்டது. மேலே நீளவாக்கில் வெடிப்பு விழுந்தால் கவலை வேண்டாம், இந்த வகை ரொட்டிக்கு அது இயல்பு.

சிறிய மின் அடுப்புகளில் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. ஒரு எளிய சோதனை உண்டு. வெள்ளைச் சர்க்கரை 186 டிகிரி அளவில்தான் உருகும். ஒரு தேக்கரண்டி சர்க்கரையை அலுமினியத் தாளில் வைத்து 175 டிகிரியில் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உருகிவிட்டால் உங்கள் அடுப்பு சொல்வதைவிட அதிகம் சுடுகிறது, குமிழைக் குறைத்து வையுங்கள். 190இல் வைத்தும் உருகவில்லையென்றால் அது குறைவாகச் சுடுகிறது.

மின்சாரம் எவ்வளவு ஆகும்? இத்தகைய அடுப்புகள் 1,200 முதல் 1,500 வாட்வரை இழுக்கும். சூடு ஏறியதும் தானாக அணைந்து எரிவதால் ஒரு ரொட்டிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், சில நேரம் சற்றுக் கூட. நடுவில் மின்சாரம் போனால்? 40 நிமிடம் கடந்திருந்தால் கதவைத் திறக்காமல் காத்திருங்கள், உள்ளிருக்கும் சூட்டிலேயே வேகும். மின்சாரம் வந்ததும் தொடருங்கள். முதல் கால் மணிக்குள் போனால் உப்பிய மாவு அமுங்கிவிடும். அப்போது டின்னை எடுத்து, அடுத்து சொல்லும் மணல் பாத்திரத்துக்கு மாற்றுவது நல்லது.

மின் அடுப்பே இல்லாதவர்களுக்குத்தான் இந்த மணல் முறை. கனமான அடியுள்ள பழைய அலுமினியப் பாத்திரத்தில் ஒரு அங்குல உயரத்துக்குச் சுத்தமான உலர்ந்த மணலைப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, இறுக்கமான தட்டால் மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு வட்ட டின்னைத் தாங்கிமேல் வைத்து மூடி, தீயை மிகச் சிறிதாக்கி 55 முதல் 70 நிமிடம் விடுங்கள். மணலுக்குப் பதில் உப்பும் போடலாம். மரக்காணம் கல் உப்பு பக்கத்திலேயே கிடைக்கிறது என்று எடுத்தால் ஒரு எச்சரிக்கை: கல் உப்புக்குள் சிக்கிய ஈரம் சூட்டில் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். முதலில் மூடிபோட்டுச் சூடாக்கி, வெடிப்பது நின்ற பிறகே டின்னை வையுங்கள்.

தினசரி சமைக்கும் பிரஷர் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தண்ணீரில்லாமல் ஒரு மணி நேரம் காய்ந்தால் அதன் அடி வளையும், ரப்பர் வளையம் கெடும். பிறகு அழுத்தத்தோடு சமைக்க அது பாதுகாப்பாக இருக்காது. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரமும் வேண்டாம், வெறுமனே காயும்போது அந்தப் பூச்சு கெட்டுப் புகையும். மணல் முறையில் சூடு கீழிருந்தே வருவதால் ரொட்டியின் மேல்புறம் வெளுத்தே இருக்கும். உள்ளே வெந்திருந்தால் ருசியில் குறையில்லை.

எடுத்த பிறகு நடுவில் பள்ளம் விழுந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உள்ளே வேகவில்லை, கிழங்கில் ஈரம் அதிகம், அல்லது அடுப்பைச் சீக்கிரம் திறந்துவிட்டீர்கள். ஓரம் கெட்டியாகி நடு பச்சையாக இருந்தால் சூடு அதிகம். அடுத்தமுறை 10 டிகிரி குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். அடுப்பிலிருந்து எடுத்ததும் டின்னிலேயே பத்து நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து முழுக்க ஆறவிடுங்கள். டின்னிலேயே விட்டால் அடி வியர்த்து நசநசத்துப்போகும். இன்று சுட்டதை நாளை சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும், மசாலா ஒன்றோடொன்று கலந்து இறங்க ஓர் இரவு வேண்டும்.

எத்தனை நாள் தாங்கும்? தை மாதக் குளிரில் மூடிய டப்பாவில் இரண்டு நாள் வெளியே இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு நாளுக்கு மேல் நம்ப வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் ஐந்து நாள் இருக்கும், ஆனால் இறுகும். துண்டை நெய் தடவிய தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா? கிழங்குதானே, வெல்லம்தானே என்று ஏமாற வேண்டாம். வெல்லமும் சர்க்கரைதான், இரத்தத்தில் அதே வேலையைத்தான் செய்யும். இந்த ரொட்டியைப் பன்னிரண்டு துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் சுமார் 230 கலோரியும், 12 கிராம் அளவு வெல்லமும், அதோடு மாவுச்சத்தும் இருக்கும். வெல்லத்தை 100 கிராமாகக் குறைத்தாலும் ரொட்டி நன்றாகவே வரும். மெல்ல அவித்த கிழங்கின் இனிப்பு ஈடுகட்டும். ஆனாலும் அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆரஞ்சு நிறக் கிழங்கைத் தேடுவதில் பயன் உண்டா? உண்டு. அந்த நிறமே பீட்டா கரோட்டின் (உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து). வெள்ளைக் கிழங்கில் அது கிட்டத்தட்ட இல்லை. கண்பார்வைக்கு வேண்டிய இந்தச் சத்து எண்ணெயோடு சாப்பிடும்போது உடலில் நன்றாகச் சேரும், ரொட்டியில் எண்ணெய் இருக்கிறது. மொசாம்பிக் நாட்டில் கோதுமை மாவில் ஒரு பங்கைக் குறைத்து இந்தக் கிழங்கின் மசியலைச் சேர்த்து ‘பொன் ரொட்டி’ என்று விற்றுப் பார்த்தார்கள். ஆரஞ்சுக் கிழங்கை ஆப்பிரிக்காவில் பரப்பிய மரியா அந்த்ராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ மூவருக்கும், சத்தேற்றிய பயிர்களுக்காக உழைத்த ஹோவர்த் பூயிஸுக்கும் 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது. திருவனந்தபுரத்தில் 1963இல் தொடங்கப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ‘பூ சோனா’ என்ற ஆரஞ்சு ரகத்தையும், ‘பூ கிருஷ்ணா’ என்ற ஊதா ரகத்தையும் நமக்காகவே உருவாக்கியிருக்கிறது. ஊதாக் கிழங்கில் ரொட்டி சுட்டால் சோடாவை விட்டுவிட்டுப் பேக்கிங் பவுடரை மட்டும் போடுங்கள். சோடா பட்டால் அந்த ஊதா நீலமும் பச்சையுமாகத் திரியும்.

இந்த ரகங்கள் நம் கடைத்தெருவில் எளிதில் கிடைப்பதில்லை. வீட்டைச் சுற்றி ஒரு சென்ட் மண்ணோ, மாடியில் இரண்டு சாக்குப் பைகளோ இருந்தால் நீங்களே வளர்க்கலாம். சர்க்கரைவள்ளிக்கு விதை வேண்டாம், ஒரு சாண் கொடித் துண்டு போதும். திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆரஞ்சு ரகக் கொடிக்கு எங்கே போவது என்று அங்கே விசாரியுங்கள். புரட்டாசியில் நட்டால் நான்கு மாதத்தில், அடுத்த பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம்.